மூன்றாம் அத்தியாயத்தின் கை

ஸ்ஃபாக்ஸ்,
7 அக்டோபர் 2018

பேராசிரியர் முன்திர் அவர்களுக்கு,

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். அதற்கு என்னிடம் விடை இல்லை. ஒரு மாணவி எழுதிய வாக்கியத்தை வழிகாட்டி திருத்துகிறார். அந்தத் திருத்தத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவள் அடுத்த வாக்கியத்தை எழுதுகிறாள். அது யாருடைய வாக்கியம்? யார் எழுதியது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான் இதைக் கேட்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அம்மான் மாநாட்டில் எல்லோர் முன்னாலும் என் முறையைப் பார்த்துச் சிரித்தவர்தானே நீங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மாணவி ரிஹாபின் ஆய்வேட்டை அவள் எழுதவில்லை என்று பெயரில்லாத புகார் ஒன்று வந்திருக்கிறது. டீன் சல்லாமியின் தலைமையில் நான்கு பேர் கொண்ட குழு விசாரிக்கிறது. என்னிடம் கருத்துக் கேட்டார்கள். நான் வழக்கம்போலச் சின்னச் சொற்களை எண்ணினேன்: ‘ஆனால்’, ‘எனவே’, ‘இருந்தாலும்’ போன்றவை. மனிதர்கள் தங்களை அறியாமல் போடும் சொற்கள் அவை. ரிஹாபின் எழுத்துக்கு மாதிரியாக அவளுடைய தேர்வுத்தாள்களும், உங்களுடையதற்கு நீங்கள் கடைசியாக வெளியிட்ட இரண்டு கட்டுரைகளும் கொடுக்கப்பட்டன. மற்ற அத்தியாயங்களில் கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை. மூன்றாம் அத்தியாயம் மட்டும் தெளிவாக உங்கள் கட்டுரைகளோடு போய் ஒட்டிக்கொண்டது.

குழு நவம்பர் 15 வியாழக்கிழமை கூடுகிறது. என் அறிக்கை இப்படியே போனால் அவளுடைய பதிவு ரத்தாகும். ஆறு வருட உழைப்பு. காபேஸில் அவளுக்குக் கிடைத்திருக்கும் ஆசிரியர் வேலையும் போய்விடும்.

நான் உங்களுக்கு எழுதக் கூடாது. தெரிந்தால் என்னை விலக்கிவிடுவார்கள். அதனால்தான் மின்னஞ்சல் இல்லை. தொலைபேசியில் பேசினால் நமக்குள் சண்டைதான் வரும். என் பக்கத்து வீட்டுப் பெண் தோஹாவில் தாதியாக இருக்கிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் அத்தியாயத்தை நீங்கள் எழுதினீர்களா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

வஸீலா ஃபுராதி


தோஹா,
15 அக்டோபர்

என் அன்பு வஸீலா,

‘பேராசிரியர் முன்திர் அவர்களுக்கு’! கடிதத்தைப் பிரித்ததும் யாரோ எனக்கு ஓய்வூதியம் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தூனிஸில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள் நாம். என் பங்கு ஹரிஸா மிளகாய் விழுதையும் சேர்த்துத் தின்றவள் நீ. இப்போது ‘நீங்கள்’ என்கிறாய். சரி, ஸ்ஃபாக்ஸ்காரிகள் எதையும் வீணாக்க மாட்டார்கள். கோபத்தைக் கூடப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாய்.

பதில்: இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளி கூட என்னுடையதில்லை. அல்லாஹ் மேல் ஆணை. ரமலானில் அவள் அளந்து அதை எழுதியபோது நான் ஆய்வகத்திலேயே அதிகம் இல்லை. மனைவிக்கு, ஹயாத்துக்கு, அறுவைச் சிகிச்சை என்று தூனிஸ் மருத்துவமனையில் கிடந்தேன், உனக்குத் தெரியும்.

இனி என் கேள்வி. அதை எண்ணினாய், சரி. படித்தாயா? நீ எந்த ஆய்வேட்டையும் படிப்பதில்லை, படித்தால் மனம் சாயும் என்று சொல்வாயே, அந்த விதி இன்னும் இருக்கிறதா? பிரசவம் பார்க்க வந்தவள் குழந்தையின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிற கதை.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அம்மானில் நான் சொன்னது இன்றைக்கும் பொருந்தும். நீ காபிக் கோப்பையின் அடிக் கசடில் குறி பார்க்கிறாய், கோப்பைக்குப் பதில் கணினி. குழுவிடம் போய் ‘என் முறை இந்த ஆய்வேட்டுக்கு ஒத்துவரவில்லை’ என்று ஒரு வரி சொல்லிவிடு. பெண் பிழைப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை.

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹயாத் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இங்கே கிடைக்கும் ஆலிவ் எண்ணெயை அவள் வாயில் வைப்பதில்லை. ஒரு புட்டி அனுப்பினால் உன் எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும்.

முன்திர்


ஸ்ஃபாக்ஸ்,
23 அக்டோபர்

முன்திர் அவர்களுக்கு,

எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் ஆலையில் முதலில் ஆட்டியது.

மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தேன். விதியை மீறித்தான். முதலில் பிழை தேடுவதற்காகத் திறந்தேன். முடிக்கும்போது காபி ஆறிப்போயிருந்தது.

வீடியோ என்பது நெட்வொர்க்கில் குழாய்த் தண்ணீர் போலச் சீராக ஓடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். காட்சி மாறினால் பொங்கும், ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் வற்றும். ஆயிரம் வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய பொங்கலை இன்னொருவருடைய வற்றல் சமன்படுத்தும் என்பதுதான் உங்கள் துறையின் கணித மாதிரிகளுக்கெல்லாம் அடித்தளம். ரிஹாப் அந்த அடித்தளத்தைத்தான் பெயர்த்திருக்கிறாள். ரமலானில் நோன்பு திறந்த கையோடு ஊர் முழுக்க ஒரே தொடரைப் பார்க்கிறது. சிரிப்புத் துணுக்கை ஒரே நேரத்தில் பின்னால் ஓட்டி மறுபடி பார்க்கிறது. வீடுகள் தனித்தனி இல்லை. அதனால் கூட்டக் கூட்ட அலை அடங்காமல் உயர்கிறது. பெருநாள் காலையில், உப்புமீனும் ஷர்மூலா வெங்காயக் குழம்பும் தின்றுவிட்டு எல்லோரும் சாய்ந்து கிடக்கும் நேரத்தில், வரைபடத்தின் கோடு தரையோடு கிடக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிறகு கவலை வந்தது. ஒரே ஆய்வகத்தில், ஒரே வழிகாட்டியின் குறிப்புகளைப் படித்து வளர்ந்தவர்களை நான் மட்டும் ஏன் தனித்தனி வீடுகளாக எண்ணினேன்?

அவளை வரச் சொன்னேன். அதுவும் செய்யக் கூடாததுதான். ஆலிவ் ஆலைக்கு எதிரே உள்ள கடையில் உட்கார்ந்தோம். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

“இதெல்லாம் எங்கே அளந்தே?”

“சாக்கியத் அஸ்ஸைத்ல, மதாம். எங்கண்ணன் அங்க தெருவுக்கே இண்டர்நெட் கனெக்ஷன் குடுத்திருக்கான். நோன்பு திறக்குற நேரத்துல நான் அவன் கடையிலதான் இருப்பேன். எங்கம்மா சூப்பைத் தூக்குச்சட்டில குடுத்தனுப்புவாங்க. ‘பொம்பளப் புள்ள மிஷினுக்கு முன்னாடி நோன்பு திறக்குது’ன்னு தெரு பூரா பேசிச்சு.”

“எழுதக் கத்துக்குடுத்தது யாரு? முன்திர் சாரா?”

சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் காபியில் சர்க்கரையே போடவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் இரண்டு கட்டுரைகளையும் எடுத்தேன். எண்ணுவதற்காக அல்ல, படிப்பதற்காக. இரண்டாவதில் உள்ள அளவீடுகள் சாக்கியத் அஸ்ஸைத்தில், அதே ரமலானில் எடுக்கப்பட்டவை. கட்டுரையின் மேலே உங்கள் பெயர் மட்டும். கடைசியில் நன்றி கூறும் வரியில் ‘அளவீட்டில் உதவிய ரிஹாப்’. அந்த ரமலானில் தூனிஸ் மருத்துவமனையில் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. மூன்றாம் அத்தியாயத்திலும் அந்தக் கட்டுரைகளிலும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் முன்னால் ஒரு தயக்கம் வருகிறது: ‘இதை வேறு விதமாகவும் எழுதலாம்’ என்று. உங்கள் கடிதத்தையும் எண்ணிப் பார்த்தேன். மன்னிக்கவும், பழக்கம். அதில் தயக்கம் என்று ஒரு சொல் கூட இல்லை.

என் கணினி சொன்னது சரிதான். மூன்றாம் அத்தியாயமும் அந்தக் கட்டுரைகளும் ஒரே கை எழுதியவை. நான் ஒட்டிய பெயர்ச்சீட்டுத்தான் தவறு என்று பயப்படுகிறேன்.

அந்தக் கட்டுரைகளை எழுதியது யார்?

வஸீலா


தோஹா,
1 நவம்பர்

வஸீலா,

எண்ணெய் வந்தது. ஹயாத் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்ததும் அழுதுவிட்டாள். சிகிச்சைக்குப் பிறகு எதிலும் ருசி தெரிவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல? ஆய்வகத்தில் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? யோசனை என்னுடையது. பணம் வாங்கித் தந்தது நான். அவள் வரைவு எழுதிக் கொண்டுவருவாள், நான் பார்ப்பேன். அந்த வருடம் சரியாகப் பார்க்கக் கூட முடியவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அனுப்பும்போது பெயர் போடும் இடம் வந்தது. அவளே சொன்னாள், “உங்க பேரு இருந்தா சீக்கிரம் எடுத்துப்பாங்க, முன்திர் சார்”. நான் மறுக்கவில்லை.

நீயும் யோசித்துப் பார். நம் பேராசிரியரின் பெயரில் வந்தவற்றில் உன் பக்கங்கள் எத்தனை, என் பக்கங்கள் எத்தனை? நாம் புகார் எழுதினோமா? அவர் வீட்டுக்குப் பெருநாள் இனிப்பு கொண்டு போனோம்.

இங்கே என் ஒப்பந்தம் ஜனவரியில் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த இரண்டு கட்டுரைகளைக் காட்டித்தான் வந்தேன். வேலை போனால் விசா போகும், விசா போனால் ஹயாத்தின் மருத்துவர் போவார். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நானே பயந்துபோயிருக்கிறேன்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. உன் முறையில் பிழை என்று சொல். எல்லா முறையிலும் பிழை உண்டு, யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவளும் பிழைப்பாள், நாங்களும் பிழைப்போம்.

முன்திர்


ஸ்ஃபாக்ஸ்,
5 நவம்பர்

முன்திர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த முறை எண்ணவில்லை.

பிழை இருந்தால் பிழை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இங்கே பிழை இல்லை. இல்லாத பிழையை உண்டு என்று சொல்லச் சொல்கிறீர்கள். அது அந்த அறையோடு போகாது. நாளைக்கு யாரிடமோ எழுதி வாங்கியவன் ஒருவன் வந்து, ‘மதாம் ஃபுராதியே தன் முறை சரியில்லை என்று சொன்னாரே’ என்பான். நீங்கள் அம்மானில் சொன்னதை நானே கையெழுத்துப் போட்டுத் தருவது போலாகும்.

ரிஹாபிடம் நேரடியாகவே கேட்டேன். முதலில் மறுத்தாள். பிறகு கோபப்பட்டாள். அந்த அமைதியான பெண்ணுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று நினைக்கவில்லை.

“ஆமா, நான்தான் எழுதினேன்! ரெண்டையும்! சொன்னா என்ன ஆகும் மதாம்? வழிகாட்டியக் காட்டிக்குடுத்தவன்னு பேர் வரும். காபேஸ்ல அப்புறம் எவன் என்னை உள்ள விடுவான்? எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க.”

“சொல்லலைன்னா ஆய்வேடே போயிடும், தெரியுமா?”

“தெரியும். சொன்னாலும் போச்சு, சொல்லலைன்னாலும் போச்சு. என்னத்தையாவது செய்ங்க, ஆனா ஹயாத் அக்கா காதுக்கு மட்டும் போக வேணாம். ஆஸ்பத்திரியில எனக்கு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தாங்க.”

நீங்கள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: அந்த இரண்டு கட்டுரைகளின் வரைவும் ரிஹாபுடையது என்று. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். யோசனை உங்களுடையது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது உண்மையாகவே இருக்கலாம். பிறகு எனக்குக் குறி பார்க்கும் வேலை இருக்காது. குழு கூடும் வியாழனுக்கு முன் வர வேண்டும்.

நான் சரியாகத் தூங்கவில்லை. இதை உங்களிடம் சொல்லும் அளவுக்கு நமக்குள் உறவு மிச்சம் இருக்கிறதா என்று தெரியாமல்தான் சொல்கிறேன்.

வஸீலா


தோஹா,
11 நவம்பர்

வஸீலா,

காகிதத்தை எடுத்து வைத்தேன். முதல் வரி எழுதினேன். ஹயாத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “யாருக்கு எழுதுறீங்க?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

அந்த ஒன்றுமில்லாததைத்தான் அனுப்புகிறேன். நாளைக் காலை விமானத்தில் வரும் இளைஞர் இதைக் கொண்டுவருவார். நீ என்ன செய்தாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அதுவும் உண்மையாக இருக்குமா என்று தெரியவில்லை.

பார்த்தாயா, தயக்கம். எண்ணிக்கொள்.

மு.


ஸ்ஃபாக்ஸ்,
14 நவம்பர், பிற்பகல்

முன்திர்,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையைக் குலுக்கிப் பார்த்தேன், இன்னொரு தாள் இருக்குமோ என்று.

உன்னைக் குறை சொல்ல உட்கார்ந்தேன். முடியவில்லை. நம் பேராசிரியர் பெயரில் வந்த அந்த நீளமான கட்டுரை நினைவிருக்கிறதா? அதையும் என் ஆய்வேட்டையும் பக்கத்தில் வைத்து நேற்றுக் கணக்கிட்டேன். ஒரே கை. அதை எழுதியது நான்தான், எனக்குத் தெரியாததா? ஆனால் எண்ணாகப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். யாராவது அன்றைக்கு என்னை விசாரித்திருந்தால், என் ஆய்வேட்டை அவர் எழுதிக்கொடுத்தார் என்றுதான் முடிவாகியிருக்கும்.

நாளை காலை குழு. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முறையில் பிழை என்று சொன்னால் பொய். கட்டுரைகள் ரிஹாபுடையவை என்று சொன்னால், அவள் கேட்காத, நீ தராத ஒன்றை உங்கள் இருவர் சட்டைப் பையிலிருந்தும் நான் எடுத்து மேசையில் வைத்தது போல. வாயைத் திறக்காமல் இருந்தால் என் பழைய அறிக்கையே நிற்கும், அவள் போவாள். சின்னச் சொற்களை எண்ணுகிறவளுக்கு ஒரு பெரிய சொல் கிடைக்கவில்லை. கறுப்புக் கோட்டைத் தேய்த்து மாட்டிவைத்திருக்கிறேன்.

இதை இன்று அனுப்பப் போவதில்லை. நாளை என்ன நடந்தது என்றும் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன். அலங்காரம் இல்லாமல், நடந்தது மட்டும்.

15 நவம்பர்

நடந்தது இது.

காலையில் குழு கூடியது. நான்கு பேரும் வந்திருந்தார்கள். ரிஹாபை வெளியே நடைவழியில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. சல்லாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சுருக்கமா சொல்லுங்க மதாம். பொண்ணு எழுதினாளா, இல்லையா?” என்றார்.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். “மூணாவது அத்தியாயமும் அந்த ரெண்டு கட்டுரையும் ஒரே கைதான். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா கட்டுரைய யாரு எழுதினதுன்னு நான் சோதிக்கல. மேல இருந்த பேரை அப்படியே நம்பிட்டேன். அது என் தப்பு. அதை நீங்கதான் விசாரிக்கணும்.”

“பேர்தான் போட்டிருக்கே?” என்றார் ஒருவர்.

“போட்டிருக்கு. எல்லாக் கட்டுரையிலயும் போட்டிருக்கும். பேர் போடுறதுக்கும் எழுதுறதுக்கும் எவ்வளவு பொருத்தம்னு தெரிஞ்சுக்க எனக்கு இன்னும் கொஞ்சம் மாதிரி வேணும். உங்க நாலு பேரோட கட்டுரைகளும் உங்க மாணவர்களோட ஆய்வேடுகளும் குடுத்தீங்கன்னா, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிடலாம்.”

நான் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, முன்திர். ஒப்பீட்டுக்கு மாதிரி போதாது என்பது உண்மையான குறை. சொல்லி முடித்த பிறகுதான் அறை எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று கவனித்தேன். ஒருவர் கோப்பையைப் பார்த்தார், ஒருவர் ஜன்னலை. நான்கு பேர் ஒரே கணத்தில் மௌனமாவது தற்செயல் இல்லை. அதற்கு மூன்றாம் அத்தியாயத்தில் சமன்பாடே இருக்கிறது.

“அவ்வளவு தூரம் போக வேண்டாம்,” என்றார் சல்லாமி. “ஆய்வேடு பொண்ணோடதுதான்னு எனக்குத் தோணுது. உங்களுக்கெல்லாம்?” எல்லோருக்கும் அப்படியே தோன்றியது. புகார் ஆதாரமற்றது என்று முடித்து, வாய்மொழித் தேர்வை டிசம்பரில் வைத்தார்கள். கட்டுரைகளைப் பற்றிக் குறிப்பில் ஒரு சொல் கூட இல்லை. எழுந்து போகும்போது சல்லாமி என் பக்கம் குனிந்து, “உங்க முறை ஆபத்தானது மதாம்,” என்றார். பாராட்டா என்று தெரியவில்லை.

ரிஹாபிடம் முடிவைச் சொன்னேன். கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“அந்தக் கட்டுரை? யாருதுன்னு கேட்டாங்களா?”

“கேக்கச் சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

“இல்ல.”

தலையசைத்தாள். நான் படித்த மூன்றாம் அத்தியாயத்தின் பிரதி என் கையில் இருந்தது. ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதியிருந்தேன். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த ஆசிரியர் வேலை விஷயமாக மதியத்துக்குள் காபேஸ் போய்ச் சேர வேண்டும் என்று லுவாஜ் வாடகை வண்டி நிலையத்துக்கு நடந்தாள்.

வஸீலா